அம்பு பட்ட மானும் அடுத்து வந்த மழையும்

2018 அக்டோபரில் நான் ஒரு பெண்மானைத் தொலைத்தேன். அம்பு பட்டது உறுதி. அது எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அன்று மாலை மழை வந்தது உண்மைதான். ஆனால் அந்த மானைத் தொலைத்தது மழை அல்ல, மழையைக் கண்டு பதறிய என் அவசரம். அதே பதற்றத்தில் இன்னொருவர் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணை விட்டு இறங்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைரோக்வா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். தொழில் மருத்துவமனைச் செவிலியர் பணி. கிக்கப்பூ ஆறு வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தாக்கு, ஓக் மரங்கள் நிறைந்த சரிவுகள், அடிவாரத்தில் மக்காச்சோள வயல்கள் என்று வெள்ளைவால் மானுக்கு ஏற்ற பூமி இது. வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். உரிமம் வாங்கி, பருவத்துக்குள் வேட்டையாடி, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்துவைப்பது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். எனவே நான் சொல்வதெல்லாம் வேட்டைக்கு அனுமதியுள்ள இடங்களுக்கு மட்டுமே. எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பால்பண்ணைப் பெரியவர்.

முதலில் ஓர் அடிப்படை. துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அடித்து வீழ்த்துவதில்லை. அம்பு முனையின் கத்தி போன்ற விளிம்புகள் இரத்தக் குழாய்களை அறுக்கின்றன. இரத்தம் இழந்துதான் மான் சாகிறது. சரியான இடத்தில், அதாவது இரண்டு நுரையீரல்களையும் துளைத்துப் பட்டால் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் ஓடி விழுந்துவிடும். அப்போதும் அது ஓடிய வழியைக் காட்டுவது இரத்தத் தடம்தான். அந்தத் தடத்தைத்தான் மழை கழுவுகிறது. தூறலில் இரத்தம் சில மணி நேரம் தாக்குப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கொட்டும் மழையிலோ திறந்த புல்வெளியில் இருபது நிமிடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் வேலை பரணில் ஏறும் முன்பே தொடங்குகிறது. கைப்பேசியில் மழை ரேடாரைப் பாருங்கள். பலத்த மழை வருவதாக இருந்தால் நான் போவதில்லை. லேசான மழைதான் என்றால் போவேன், ஆனால் இருபது கெஜத்துக்கு மேல் நாண் இழுக்க மாட்டேன். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே எனக்கு அப்பால் திரும்பியிருக்க வேண்டும். உண்மையான இறகு பொருத்திய அம்புகள் நனைந்தால் படிந்துபோய் வழி தவறும். மழைநாளுக்குப் பிளாஸ்டிக் இறகுதான் சரி. அம்பு உடலை ஊடுருவி மறுபக்கம் வெளியேறினால் தடம் இரட்டிப்பாகும். பரணிலிருந்து கீழ்நோக்கி எய்வதால் வெளியேறும் காயம் தாழ்வாக அமையும். இரத்தம் அந்த வழியாகத்தான் ஒழுகும். மேலே புகுந்து உள்ளேயே தங்கிவிட்ட அம்பு என்றால் இரத்தமெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும், தரையில் சொட்டுக்கூட இருக்காது. பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் பாதுகாப்புப் பட்டை மாட்டியிருக்க வேண்டும், வில்லைக் கயிற்றில் கட்டித்தான் ஏற்றி இறக்க வேண்டும். நனைந்த படிகள் வழுக்கும்.

அம்பு பறந்த பிறகு கண்ணை மானின் மேலிருந்து எடுக்காதீர்கள். அடிபட்ட நொடியில் அது என்ன செய்தது? பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு தாழ்ந்து பாய்ந்ததா? நெஞ்சில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதுகைக் கூன்போட்டு, வாலைத் தாழ்த்தி, மெல்ல நடந்து போனதா? அது பெரும்பாலும் இரைப்பையிலோ குடலிலோ பட்ட அறிகுறி. கடைசியாக எந்த மரத்தருகே மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும் முன், பரணிலிருந்தே அந்த மரத்தைத் திசைகாட்டியில் பார்த்து, அது காட்டும் பாகை எண்ணை எழுதிவையுங்கள். தரையில் இறங்கினால் காடு வேறாகத் தெரியும்; மேலிருந்து அடையாளம் வைத்த மரம் கீழே பத்து மரங்களில் ஒன்றாகிவிடும். காய்ந்த சருகில் மான் விழும் சத்தம் நூறு கெஜத்துக்கு அப்பாலும் கேட்கும். ஈரச் சருகில் கேட்காது. அதனால் மழைநாளில் காதை நம்ப முடியாது, கண் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும்.

மழை வருகிறது என்றால் அம்பை மட்டும் உடனே போய் எடுத்துக்கொள்ளலாம். மான் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது என்று உறுதியானால், ஓசைப்படாமல் அடிபட்ட இடம்வரை மட்டும் சென்று, ஆரஞ்சு பிளாஸ்டிக் நாடா ஒன்றைக் கட்டிவிட்டு, அம்போடு திரும்பிவிடுங்கள். மழைநாளில் நம் கையில் தங்கும் சாட்சி அந்த அம்புதான்.

இனி அம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மருத்துவமனையில் இரத்தத்தின் நிறம் பார்த்துப் பழகிய எனக்கு இது எளிதாக வந்தது. ஆனாலும் யாரும் கற்கலாம். இளஞ்சிவப்பாக, சிறு நுரைக் குமிழ்களோடு இருந்தால் நுரையீரல். தேடப் போகும் முன் அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், மழை நெருங்கினால் அதற்குமுன்பே போகலாம். கருஞ்சிவப்பாக, கனத்து இருந்தால் கல்லீரல். அந்த மான் நிச்சயம் சாகும், ஆனால் உடனே அல்ல. நான்கு முதல் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். அம்பில் பச்சையோ பழுப்போ கலந்த பிசுக்கு இருந்தால், முகர்ந்து பார்த்தால் நாறினால், இரைப்பை அல்லது குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். பளிச்சென்ற சிவப்பாகத் தொடங்கிச் சட்டென்று குறைந்துபோனால் வெறும் தசைக்காயமாக இருக்கலாம். அந்த மான் பிழைக்கவும் கூடும். தரையில் உதிர்ந்த மயிரையும் பாருங்கள். வெள்ளை மயிர் என்றால் அம்பு வயிற்றின் அடிப்பகுதியைத் தொட்டிருக்கிறது.

2018இல் என் அம்பில் இருந்தது பச்சைப் பிசுக்கு. பார்த்தேன், முகர்ந்தேன், தெரிந்தது. அதற்குள் முதல் துளிகள் விழுந்தன. இரத்தமெல்லாம் கழுவப்பட்டுவிடுமே என்ற நினைப்பில் இருபதாவது நிமிடத்திலேயே தடத்தின்மேல் நடந்தேன். எண்பது கெஜத்தில், முட்செடிப் புதரில் படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. தொந்தரவு செய்யாமல் விட்டிருந்தால் அங்கேயே, அந்தப் படுக்கையிலேயே இறந்திருக்கும். ஒருமுறை எழுப்பப்பட்ட மான் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது. ஆற்றின் சதுப்புக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடினேன்.

அன்று பெரியவர் சொன்னார்: “எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மழை தீர்மானிக்கக் கூடாது அம்மா. அம்பு பட்ட இடம்தான் தீர்மானிக்க வேண்டும்.” நுரையீரல் அடியென்றால் மழைக்குமுன் விரைந்து போங்கள். குடல் அடியென்றால் வானமே பிளந்தாலும் உட்கார்ந்திருங்கள். இரத்தம் போனாலும் மான் இருக்கும் இடம் மாறாது. மானைக் கிளப்பிவிட்டால் இரத்தம் இருந்தும் பயனில்லை. அம்பில் தெரிவது எதுவென்று உறுதியாகவில்லை என்றால், மோசமானதாகவே கொண்டு காத்திருங்கள்.

காத்திருந்து போகும்போது, மழை கழுவிய காட்டில் எங்கே தேடுவது? நடுத்தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் கிடைக்காது. மழை எட்டாத இடங்களைத் தேடுங்கள். சாய்ந்து கிடக்கும் மரத்தடியின் கீழ்ப்பக்கம். மான் உரசிச் சென்ற மரத்தண்டில், மழைச்சாரல் படாத பக்கம், உங்கள் முழங்காலுக்குச் சற்று மேலே. புல் இலையின் அடிப்புறம். குளம்பு அழுந்திய பள்ளத்துக்குள். கிண்ணம்போல் சுருண்டு கிடக்கும் ஓக் சருகுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றில் தேங்கிய மழைநீர் இளஞ்சிவப்பாக இருந்தால் ஒரு சொட்டு அங்கே விழுந்திருக்கிறது. மேல்சருகை நீக்கினால் அடியில் உறைந்த கட்டி கிடைப்பதும் உண்டு.

அக்டோபரில் மேப்பிள் இலைகளில் சிவப்புப் புள்ளிகள் நிறைய இருக்கும், கண்ணை ஏமாற்றும். ஈர விரலால் தேயுங்கள். இரத்தமென்றால் விரலில் ஒட்டும், இலைப்புள்ளி ஒட்டாது. தேய்த்தும் ஐயம் தீராவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று சதவீதக் கரைசலைத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போகிறேன். இரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைத்து ஆக்ஸிஜனை வெளியேற்றும். வெள்ளையாக நுரை பொங்கும். புண்ணைக் கழுவும்போது நான் பார்த்துப் பழகிய அதே நுரை. மழையில் நீர்த்துப்போய்க் கண்ணுக்குத் தெரியாத கறைகூட இப்படித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டிலை இருட்டான உறைக்குள் வையுங்கள், வெளிச்சத்தில் வீரியம் குறையும்.

இரத்தம் கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் நாடா கட்டுங்கள். காய்ந்த நாளில் சிலர் கழிப்பறைக் காகிதத்தைப் போடுவார்கள். மழையில் அது கரைந்துவிடும். சிறிது தூரம் போனபின் திரும்பிப் பார்த்தால் நாடாக்களின் வரிசை மானின் திசையைக் காட்டும். தடத்தின்மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். ஓடும் மானின் குளம்பு விரிந்து பதியும்; பின்பக்கத்துச் சிறு குளம்புகள் இரண்டும் மண்ணில் குத்தியிருக்கும். மழை மண்ணை இளக்குவதால் இந்தப் பதிவு காய்ந்த நாளைவிட ஆழமாகக் கிடைக்கும். மழை செய்யும் ஒரே உதவி இது.

தடம் முற்றிலும் அறுந்துவிட்டால் கடைசி நாடாவிலிருந்து பத்து கெஜ இடைவெளியில் இணைகோடுகளாகப் போய்ப்போய்த் திரும்பித் தேடுங்கள். அடர்ந்த புதர்களை முதலில். குடலில் அடிபட்ட மான் பெரும்பாலும் தண்ணீரை நாடும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம், என் அனுபவமும் அதுவே.

இதையெல்லாம் செய்து காட்டை மிதித்துக் குழப்பும் முன் மோப்ப நாய் வைத்திருப்பவரை அழைப்பது நல்லது. இதை 2018இல் நான் அறியவில்லை, அது என்னை இன்றும் உறுத்துகிறது. யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பு, நாய் வைத்திருப்பவர்களின் பட்டியலை மாநிலவாரியாக வைத்திருக்கிறது. விஸ்கான்சினில் நாய் வாரில் கட்டியிருக்க வேண்டும். நாய் இரத்தத்தை மட்டும் முகர்வதில்லை. மானின் குளம்பு விரல்களுக்கு நடுவேயுள்ள சுரப்பியின் வாசனையையும் பிடித்துப் போகிறது. மிதமான ஈரம் அந்த வாசனைக்குக் கெடுதல் செய்வதில்லை. நமக்குத் தடம் முடிந்துபோன இடத்தில் நாய்க்குத் தொடங்குகிறது. நாய் வரும்வரை உங்கள் காலணியால் இரத்தத்தைக் காடெங்கும் பரப்பாதீர்கள்.

மான் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்தால் நின்றுவிடுங்கள். அடிபட்ட மானைத் தேடுவதற்கும் நில உரிமையாளரின் அனுமதி இங்கே கட்டாயம். இரவில் விளக்கோடு தேடும்போது வில் கையில் இருக்கலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

2021 அக்டோபர் கடைசி வாரம். மாலை ஐந்து இருபதுக்கு, பதினெட்டு கெஜத்தில் ஒரு பெண்மான். நாண் விட்ட நொடியில் அது ஓரடி முன்னெடுத்து வைத்தது. அம்பு நினைத்த இடத்துக்குச் சற்றுப் பின்னே பட்டது. அம்பை எடுத்தேன். கருஞ்சிவப்பு, கனத்தது, நாற்றமில்லை. கல்லீரல். ஆறு மணிக்குத் தூறல் தொடங்கியது. வீட்டுக்குப் போய் ஈர உடையை மாற்றி, கம்பளிச் சட்டை போட்டு, பெரியவரின் சமையலறையில் உட்கார்ந்தேன். கூரையில் மழை வலுக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். வெளியே மூன்று டிகிரிக் குளிர். இறைச்சி கெடாது என்பது மட்டும் ஆறுதல். நரியைப் போன்ற கயோட்டிகள் பள்ளத்தாக்கில் ஊளையிட்டபோது அந்த ஆறுதலும் போயிற்று.

பத்தரை மணிக்குப் போனோம். முதல் நாற்பது கெஜம் ஒன்றுமில்லை. விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைத்து அதன் அடிப்பக்கத்தில் பெராக்சைடைத் தெளித்தேன். விரலளவுக்கு நுரை வந்தது. அங்கிருந்து மூன்று ஓக் சருகுகளில் இளஞ்சிவப்பு நீர், சுமாக் என்ற புதர்ச்செடியின் தண்டில் கறை, பிறகு நீரோடைக் கரையில் ஆழமான குளம்புத் தடம். நூற்று நாற்பதாவது கெஜத்தில், காட்டு ரோஜாப் புதருக்குள், படுத்த நிலையிலேயே இறந்திருந்தது. பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டேன். இமைக்கவில்லை. உடலுக்குள் முனை முறிந்து தங்கியிருக்கலாம் என்பதால், அம்பு முழுசாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தோம்.

கிடைத்த மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, காலையிலேயே செய்துவிட்டேன். 2002 முதல் இந்த மாநிலத்து மான்களிடம் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாட்பட்ட உடல்நலிவு நோய் காணப்படுவதால், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்தேன். பிறகு மழை விட்டிருந்த காட்டுக்குத் திரும்பப் போய், கட்டிய ஒன்பது நாடாக்களையும் அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.