பெருங்குடல் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

அக்காவுக்குக் கடைசி கீமோதெரபி முடிந்த அன்று வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "அப்பாடா, முடிந்தது." பெருங்குடலில் மூன்றாம் கட்டப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, அதன்பின் ஆறு மாத மருந்து. அடுத்த ஒன்றரை ஆண்டு அவள் நன்றாகத்தான் இருந்தாள். பசித்தது, தூக்கம் வந்தது, எடை ஏறியது. அதனால் ஒரு ஸ்கேனைத் தள்ளிப்போட்டோம். "இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு அலைச்சல்?" என்று சொன்னவன் நான்தான். நான்கு மாதம் கழித்து எடுத்தபோது கல்லீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. நல்லவேளையாக, வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்தன. அது நடந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அக்கா நலமாக இருக்கிறாள். ஆனால் அந்த நான்கு மாதங்களை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதுவதே அதனால்தான்.

நலமாக உணர்வதையே பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்வது

நான் பார்த்தவரை, மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இது. பெருங்குடலிலிருந்து திரும்பும் ரத்தம் முதலில் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. அதனால் நோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது, அடுத்தது நுரையீரல். கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. கட்டி வளர்ந்து மேலுறையை இழுக்கும்போதுதான் வலிக்கும். அதாவது, அறுத்து எடுக்கக்கூடிய காலம் என்பது வலியே இல்லாத காலம். வலி வரட்டும் என்று காத்திருப்பவர் அந்த வாய்ப்பைக் கைநழுவ விடுகிறார். கல்லீரலுக்குப் பரவிய கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் இருவர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். பத்து ஆண்டு கடந்து நோயின்றி வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

மீண்டும் வருவதென்றால் ஏறத்தாழ 80 சதவீதம் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. கண்காணிப்பு அட்டவணை அதை வைத்தே போடப்பட்டிருக்கிறது. சி.இ.ஏ. (பல பெருங்குடல் கட்டிகள் ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றுக்கான சி.டி. ஸ்கேன் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டில் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பது. நோயின் கட்டத்தைப் பொறுத்து உங்கள் மருத்துவர் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை; "எதற்கு அலைச்சல்" என்று சொல்லும் தம்பியின் வேலை அல்ல. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி குடலை அடைத்திருந்த காரணத்தால் அறுவைக்கு முன் குடல் முழுவதையும் கொலோனோஸ்கோபியில் பார்க்க முடியாமல் போயிருந்தால், ஓராண்டு காத்திருக்கக்கூடாது. 3 முதல் 6 மாதத்துக்குள் மிச்சப் பகுதியையும் பார்த்துவிட வேண்டும்.

சி.இ.ஏ. எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிக்கை கைக்கு வந்ததும் ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு குடும்பமே இரவெல்லாம் விழித்திருப்பதை நான் அறிவேன். புகைபிடிப்பதாலும், கல்லீரல் அழற்சியாலும், சில நேரம் கீமோதெரபியாலும்கூட அந்த எண் உயரும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. ஒரே ஆய்வகத்தில், தொடர்ந்து எடுத்து, ஏறுமுகமா என்று பார்ப்பதே முறை. மறுபக்கமும் உண்டு. சிலருடைய கட்டி சி.இ.ஏ.வைச் சுரப்பதே இல்லை. அவர்களுக்கு எண் இயல்பாக இருப்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. ஸ்கேனை விட்டுவிடக் கூடாது.

நான்காம் கட்டம் என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

இது முதல் தவறுக்கு நேர் எதிரானது; கெடுதலில் அதற்குக் குறைந்ததல்ல. கல்லீரலில் இரண்டு புள்ளி உள்ளவரும் வயிற்றறை முழுவதும் பரவியவரும் ஒரே "நான்காம் கட்டம்" என்ற பெயருக்குள்தான் வருகிறார்கள். இணையத்தில் தேடியதும் கண்ணில் படும் ஐந்தாண்டு எண் இந்த எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதுவும் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "கல்லீரல் அறுவை நிபுணரிடம் ஒருமுறை காட்டலாமா?" என்று கேட்காமலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. பரவிய நோயில் அந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்க வேண்டும். கீமோதெரபியில் சுருங்கிய பிறகு மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். நோய் திரும்பாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் முன்னிருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் கணக்கில் உள்ள உண்மை.

இதோடு சேர்ந்தது, கோப்பைத் தொலைப்பது. பயாப்ஸி அறிக்கை, அறுவைக் குறிப்பு, எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்டன, எத்தனையில் நோய் இருந்தது, எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, எம்.எம்.ஆர். பரிசோதனை (மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) முடிவு என்ன, எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எம்.எம்.ஆர். குறைபாடு உள்ள கட்டி பரவியிருந்தால், உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படக்கூடும். அந்த ஒரு வரி சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

விரல் மரத்துப்போனதைச் சொல்லாமல் இருப்பது

ஒருநாள் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்த அக்காவின் வலது காலில் செருப்பு இல்லை. நடுவிலேயே கழன்று கிடந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட மூன்று நிமிடம் ஆனது. விரல் நுனியில் பொத்தான் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் போட்டாள். இதை அவள் மருத்துவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் வந்துவிடும் என்ற பயம்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கிறது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருப்பது தொடக்கம். மரத்துப்போவது பிறகு வருகிறது. மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு மூன்று மாதம் அது கூடிக்கொண்டே போகக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நோய்தான் திரும்பிவிட்டது என்று கலங்கிவிடுகிறார்கள். மருந்தைக் குறைப்பது பற்றிய பயமும் எல்லோருக்கும் பொருந்தாது. மூன்றாம் கட்டத்தில் இருந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான ஆய்வு, ஆபத்து குறைவாக உள்ள பிரிவினருக்கு, குறிப்பாக மாத்திரையோடு சேர்ந்த மருந்து முறையில், மூன்று மாதச் சிகிச்சை ஆறு மாதச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாக இருந்ததைக் காட்டியது. நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது. அதனால் முதல் அறிகுறியிலேயே சொல்லிவிடுங்கள். வலியோடு எரிச்சலும் இருந்தால் டுலோக்செட்டின் போன்ற மருந்தை மருத்துவர் தரக்கூடும். வீட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். குளிக்கும் நீரின் சூட்டை மரத்த விரலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

ஓய்வு என்ற பெயரில் கட்டிப்போடுவது

அன்பினால் செய்யும் தவறு இது. "நீ உட்கார், நான் எடுத்துத் தருகிறேன்" என்று தண்ணீர்க் குவளையைக்கூட நாங்கள் அவளை எடுக்க விடவில்லை. 2025-இல் வெளியான சேலஞ்ச் ஆய்வைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சியாளரின் வழிகாட்டலோடு மூன்று ஆண்டு உடற்பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9 சதவீதம். எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம். ஒரு மருந்து இதைச் சாதித்திருந்தால் எல்லோரும் அதைத் தேடி ஓடியிருப்போம். அவர்களிடம் கேட்டது மலையேற்றம் அல்ல. ஏற்கெனவே செய்வதோடு கூடுதலாக, வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேர வேகநடைக்கு ஈடான உழைப்பு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மூன்றாம் கட்டத்தினரும், ஆபத்து கூடிய இரண்டாம் கட்டத்தினரும். பரவிய நோய் உள்ளவர்களுக்கு இதே எண்களைப் பொருத்திவிடக் கூடாது. வயிற்றில் ஸ்டோமா (மலம் வெளியேற அறுவையில் அமைக்கும் திறப்பு) உள்ளவர்கள் அதைச் சுற்றிக் குடலிறக்கம் வரக்கூடும் என்பதால், எடை தூக்கும் பயிற்சியை மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நடப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும்.

வயிற்றுக் கோளாறை விதி என்று சகித்துக்கொள்வது

வலப்பக்கப் பெருங்குடலை எடுத்தவர்களில் சிலருக்கு நாளுக்கு ஆறேழு முறை நீராகப் போகும். "குடலை எடுத்தால் அப்படித்தான்" என்று வருடக்கணக்கில் வெளியே போகாமல் அடைந்து கிடப்பார்கள். பல நேரங்களில் காரணம், உறிஞ்சப்படாத பித்த அமிலம். அதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது; கேட்டால் கிடைக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் எடுக்கப்பட்டிருந்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் வரும் மரத்துப்போதலைக் கீமோதெரபியின் மிச்சம் என்று எண்ணி விட்டுவிட வாய்ப்புண்டு.

இதைவிட அவசரமானது ஒன்று. வயிற்றுக்குள் அறுவைத் தழும்புகள் குடலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். பல ஆண்டு கழித்தும் அதனால் அடைப்பு வரலாம். வயிறு உப்புகிறது, அலை அலையாக வலிக்கிறது, வாந்தி வருகிறது, மலமும் காற்றும் பிரியவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல. பேதி மருந்து கொடுக்காதீர்கள். உணவையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உணவில் பட்டினி, கடையில் நம்பிக்கை

சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று கேள்விப்பட்டு, பழத்தைக்கூட ஒதுக்கிவிட்டு, எலும்பும் தோலுமாக ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையை அறவே நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அடுத்த சிகிச்சையைத் தாங்கத் தசை வேண்டும். தசைக்குப் புரதமும் போதிய உணவும் வேண்டும். குறைக்க வேண்டியவை வேறு: 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திய பதப்படுத்திய இறைச்சி, மது, புகை.

மூலிகைப் பொடி, எதிர்ப்புச் சக்தி மாத்திரை என்று யார் தந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம். மருத்துவச் சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தவர்களைப் பற்றி 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வில், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் இறக்கும் ஆபத்து நாலரை மடங்காக இருந்தது. ஆஸ்பிரினும் இப்படித்தான். கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அது நோய் திரும்புவதைக் குறைப்பதாக 2025-இல் நல்ல செய்தி வந்தது. அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமலே மாத்திரையைத் தொடங்கினால் மிஞ்சுவது வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்துதான்.

உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் மறைப்பது

பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விடுகிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்குப் பொதுவாக 40 வயதில், அல்லது குடும்பத்தில் நோய் வந்த மிக இளையவரின் வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். எம்.எம்.ஆர். குறைபாடு தெரிந்து லின்ச் நோய்க்குறி (பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் புற்றுநோய் ஆபத்து கூடும் நிலை) உறுதியானால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அந்த மரபணு மாற்றம் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

அக்கா என்னை விடவில்லை. கல்லீரல் அறுவை முடிந்து வீடு திரும்பிய வாரத்தில், தலையணையில் சாய்ந்தபடியே, "தம்பி, நீ தேதி வாங்கிவிட்டாயா?" என்று கேட்டாள். வாங்கவில்லை. மறுநாளும் கேட்டாள். மூன்றாவது வாரம் போனேன். குடலின் உட்சுவரில் இரண்டு சிறிய பாலிப்புகள், அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சதை வளர்ச்சிகள், இருந்தன. இரண்டையும் அங்கேயே, அப்போதே எடுத்துவிட்டார்கள்.