கரண்ட் வைத்த இடத்தில் ஆபரேஷனா? காயம் மக்கர் பண்ணுமா என்று முன்கூட்டியே கணிப்பது எப்படி

அண்ணனுக்கு வலது தொடையின் உட்பக்கம் கட்டி. சார்கோமா என்றார்கள், அதாவது தசை, கொழுப்பு மாதிரி சதைப் பகுதியில் வரும் புற்றுநோய். முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு (எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்போம்), அப்புறம் ஆபரேஷன். பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது தையலின் கீழ்முனையில் பட்டாணி அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. ஒரு வாரத்தில் அந்த இடம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. பதறிப்போய்க் கேட்டால், "இவருக்கு இப்படி ஆகலாம் என்று எதிர்பார்த்ததுதான்" என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பணம், லீவு, யார் கூட இருப்பது என்று எல்லாவற்றையும் வேறு மாதிரி யோசித்திருப்போம். நீங்களாவது முன்பே கேட்டுவிடுங்கள்.

காரணம் இதுதான். காயம் ஆற ரத்தம் வர வேண்டும், புதுச் சதையைக் கட்டும் செல்கள் வேலை செய்ய வேண்டும். கதிர்வீச்சு கட்டியைக் கொல்லும்போது பக்கத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் அந்தச் செல்களையும் சேர்த்தே அடிக்கிறது. வெளியே தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் குறைந்திருக்கும்.

அப்படியென்றால் ஆபரேஷனை முதலில் செய்துவிட்டுக் கரண்டைப் பிறகு வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. கை, கால் சார்கோமா நோயாளிகளை வைத்துக் கனடாவில் ஒரு ஆய்வு நடந்து, 2002-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கதிர்வீச்சை முதலில் வாங்கியவர்களில் 35 சதவீதம் பேருக்குக் காயத்தில் சிக்கல், பிறகு வாங்கியவர்களில் 17 சதவீதம். ஆனால் முதலில் வைத்தால் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும், பிறகு வைத்தால் 66 கிரே, அதுவும் பெரிய பரப்பில். வருடங்கள் போனபின் கால் இறுகிப்போவதும் வீங்குவதும் பிறகு வைப்பதில்தான் கூடுதல். காயச் சிக்கல் மாதக்கணக்கில் படுத்தினாலும் பெரும்பாலும் ஆறிவிடும், இறுகிய கால் இறுகியதுதான். அதனால் வரிசையை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

சரி, எதை வைத்துக் கணிப்பது? முதலில் இடம். காலில், அதிலும் தொடையில், சிக்கல் அதிகம். கையில் மிகவும் குறைவு. கட்டி பெரிதா, 10 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, தோலுக்கு ஒட்டினாற்போல இருக்கிறதா என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். பெரிய கட்டியை எடுத்தால் உள்ளே பள்ளம் விழும், பள்ளத்தில் நீர் கோர்க்கும், நீரில் கிருமி சேரும். தொடை, பெரிய கட்டி, தோலுக்கு ஒட்டினாற்போல என்று அண்ணனுக்கு மூன்றுமே இருந்தன.

பிறகு ஆளைப் பாருங்கள். சர்க்கரை, பீடி சிகரெட், உடல் பருமன், ரத்த சோகை, சத்துக் குறைவு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) எவ்வளவு, ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) 3.5-க்குக் கீழே போகிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற மருந்து ஏதாவது போகிறது என்றால், ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் கேளுங்கள். பெவாசிசுமாபுக்குக் குறைந்தது 28 நாள்.

நாங்கள் கோட்டைவிட்டது ஒன்று உண்டு. கரண்ட் ஐந்து வாரம், அது முடிந்து தோல் தணிய நான்கிலிருந்து ஆறு வாரம். முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய பத்து வாரம் கையில் இருக்கிறது! புகைப்பதை நிறுத்தி நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், சர்க்கரையை இறக்கவும் உடம்பைத் தேற்றவும் நாள் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இருக்கிறது. அந்தப் பத்து வாரமும் நாங்கள் கட்டி சுருங்கியதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டவே வேண்டாம். முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பெரியம்மா ஒரு வாரம் ரசம் சாதம் மட்டும் கொடுத்து அனுப்பினார், பாசத்தில்தான். ஆனால் புதுச் சதை புரதத்தால்தான் வளரும். கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் என்று கணக்கு. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 72-லிருந்து 90 கிராம்; ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சர்ஜனிடம் நேராகக் கேட்க வேண்டியது: "தோலை இழுத்துத் தைக்கப் போகிறீர்களா, ஃபிளாப் வைக்கப் போகிறீர்களா?" ஃபிளாப் என்பது கரண்ட் படாத இடத்திலிருந்து ரத்த ஓட்டத்தோடு சதையைக் கொண்டுவந்து மூடுவது. ஆபத்து அதிகம் என்று முன்பே தெரிந்தால் பிளாஸ்டிக் சர்ஜன் அன்றைக்கே கூட இருப்பார். வாய்ப் புற்றுநோய் என்றால் இன்னொன்று: கெட்ட பல்லை கரண்ட் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

வீட்டுக்கு வந்தபின் தையல் மூடியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் கனடா ஆய்வே 120 நாள் வரை கணக்கு வைத்தது. தையலையும் வழக்கத்தைவிடத் தள்ளித்தான் பிரிப்பார்கள், அவசரப்படுத்த வேண்டாம். காயத்து நீரை வெளியேற்ற வைத்திருக்கும் குழாயில் வரும் நீர் கலங்கலாக மாறினால், வாடை அடித்தால், ஓரம் கறுத்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ் அக்கா எங்களுக்குக் காட்டியதைச் செய்யுங்கள். சிவப்பின் ஓரத்தைச் சுற்றி, காயத்தைத் தொடாமல், பேனாவால் ஒரு கோடு வரைந்து பக்கத்தில் மணியை எழுதுங்கள், அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ. காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.