நம்பிங் கிரீமை எவ்வளவு நம்பலாம்? லேசருக்கு முன் தடவும் முறை

லேசரில் முடி எடுக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "வலிக்குமா?" வலிக்கும். ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் சுண்டினால் சுரீர் என்று இருக்குமே, அதோடு ஒரு பொட்டுச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான். அடுத்த கேள்வி, "மரத்துப்போகச் செய்யும் நம்பிங் கிரீம் தடவிக்கொண்டால் வலி தெரியாதாமே?" இதற்குத்தான் ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

முதல் தடவை நான் மேல் உதட்டுக்குப் போட்டுக்கொண்டேன். ஏதோ நினைவில் உதட்டை நக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் நாக்கு நுனி மரத்துப்போய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என் பெயரையே குழறித்தான் சொன்னேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் ஒன்று உறைத்தது: இது அழகுப் பொருள் இல்லை, மருந்து. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதிலிருந்து வருபவைதான்.

1. தேவைதானா என்று பாருங்கள்

முடியில் உள்ள மெலனின் என்ற கருநிறப் பொருள் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு வேரைத் தாக்குகிறது. அதனால் முடி எவ்வளவு கருப்பாக, தடிப்பாக, அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு வலிக்கும். அக்குள், பிகினி பகுதி, மேல் உதடு, கணுக்கால் எலும்பின் மேல்புறம் ஆகியவை மோசம். முன்கை, தொடை போன்ற இடங்கள் பலருக்குப் பொறுத்துக்கொள்ளும்படிதான் இருக்கும். முடி மெலிய மெலிய, அடுத்தடுத்த தடவைகளில் வலியும் குறையும்.

இப்போதைய கருவிகள் பலவற்றில் தோலைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே முதல் தடவை போகும்போது, கிரீம் இல்லாமல் ஓரிரண்டு இடத்தில் மட்டும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். "அட, இவ்வளவுதானா" என்று தோன்றினால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

2. டியூபைத் திருப்பிப் படியுங்கள்

அதிகம் புழங்குவது 2.5 சதவீதம் லிக்னோகெயினும் 2.5 சதவீதம் பிரிலோகெயினும் கலந்த கிரீம். எம்லா என்ற பெயரில் வருவது இந்தக் கலவைதான். லிக்னோகெயின், லிடோகெயின் என்று இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள்; இரண்டும் ஒன்றே. லிடோகெயின் மட்டும் 4 சதவீதம் உள்ள கிரீம்களும் உண்டு. இந்த மருந்துகள் நரம்பில் சோடியம் நுழையும் வழியை அடைத்துவிடுகின்றன. வலிச் செய்தி கிளம்புவதே இல்லை.

சதவீதம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 2007 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 22 வயதிலும் 25 வயதிலும் இருந்த இரண்டு பெண்கள், லேசர் முடி நீக்கத்துக்காகத் தனியே கலந்து கொடுக்கப்பட்ட அதிக வீரியக் கிரீமைக் கால்களில் தடவி, சொல்லிக்கொடுத்தபடியே பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்துபோனார்கள். 2024 மார்ச்சில் அதே அமைப்பு மறுபடி எச்சரித்தது: மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கும், தோலில் தடவும் வலி மருந்துகளில் லிடோகெயின் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்று.

உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று எழுதாத டப்பா எதையும் தொடாதீர்கள். கிளினிக்கிலேயே தடவினாலும் பெயரைக் கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

3. யாருக்கு ஆகாது

மரத்துப்போகச் செய்யும் ஊசி, ஸ்ப்ரே எதற்காவது முன்பு ஒவ்வாமை வந்தவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாமல் அதற்கு மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. பிரிலோகெயினுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அது உடலுக்குள் சிதையும்போது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடலாம். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும், டாப்சோன், சல்ஃபா வகை மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். தோலில் புண், கீறல், கரப்பான் இருந்தால் அந்த இடத்தில் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கும். அங்கே வேண்டவே வேண்டாம்.

ஓரிரு நாள் முன்னதாக முன்கையின் உட்புறம் ஒரு பயறளவு தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் கிரீமை மறந்துவிடலாம்.

4. முந்தைய நாளே சவரம்

வேரோடு பிடுங்கினால் லேசருக்கு இலக்கே இருக்காது. அதனால் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு வேக்ஸிங், திரெடிங் எதுவும் கூடாது, சவரம் மட்டும். அதையும் கிரீம் தடவும் நேரத்தில் செய்யாமல் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். புதிதாக மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும்.

5. பரப்பைக் கணக்குப் போடுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. நானோ இங்கேதான் நிற்கச் சொல்வேன்.

எம்லா வகைக் கிரீமுக்குப் பிரிட்டனில் தரப்படும் தகவல் தாளில், புதிதாக மழித்த பெரிய பரப்புகளுக்குப் பெரியவர்களுக்கான உச்ச அளவு 60 கிராம், பரப்பு 600 சதுர செ.மீ. என்று இருக்கிறது. 600 என்றால் எவ்வளவு? ஒரு ஏ4 தாளை எடுங்கள். 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம், பெருக்கினால் சுமார் 624. அதாவது, தொடக்கூடிய எல்லை ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது கால்களைப் பாருங்கள். தீக்காயத்தை மதிப்பிட மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, ஒரு முழுக் கால் உடல் தோலில் 18 சதவீதம். இரண்டு கால் 36. உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு அது 5,700 சதுர செ.மீ.க்கும் மேல். ஒன்பது ஏ4 தாளை ஒட்டினாலும் போதாது! இரண்டு கால் முழுக்கத் தடவினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிகிறதா? அந்த இரண்டு பெண்களின் கதைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான்.

ஆகவே காலுக்கு வேண்டுமானால், கணுக்கால், முழங்கால் மாதிரி மிகவும் வலிக்கும் திட்டுகளுக்கு மட்டும் தடவுங்கள். மற்ற இடத்துக்குப் பனிக்கட்டிப் பை, குளிர்காற்று. அக்குளும் மேல் உதடும் மட்டும் என்றால் எல்லைக்குள் தாராளமாக அடங்கும். ஒரே நாளில் கை, கால், முதுகு என்று எல்லாவற்றையும் முடித்துவிட ஆசைப்படாமல், பகுதி பகுதியாக நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. தடவுவது

இடத்தைச் சோப்பால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். டியோடரண்ட், பவுடர், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது.

ஃபேஸ் கிரீம் மாதிரி தேய்த்து மறையவைத்தால் வேலை செய்யாது. இரண்டாவது தடவை நான் அப்படித்தான் மெல்லிசாகப் பூசிப் போனேன், ஒரு மண்ணும் மரக்கவில்லை. வெள்ளையாகத் தெரியும்படி தடிமனாகப் பரப்பி, அப்படியே விட வேண்டும். அளவு தெரிய வேண்டுமென்றால், 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரத்துக்கு 5 கிராம் டியூபில் பாதி. கையுறை போட்டுக்கொண்டால் விரல் நுனி தப்பிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். இந்தக் கிரீம் காரத்தன்மை உள்ளது, கருவிழியைப் புண்ணாக்கும். பிகினி பகுதியில் ஈரமான உள்தோலில் படவே கூடாது. அங்கே மருந்து வெகு வேகமாக உறிஞ்சப்படும்.

மேலே ஒட்டும் மெல்லிய டிரெஸ்ஸிங் சில கிரீம்களோடு வரும். சிறிய இடத்துக்கு, உள்ளே இருக்கும் தாள் சொன்னால் ஒட்டலாம். சமையலறை பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தொடையைச் சுற்றுவது வேறு கதை. சூடு ஒத்தடம் தரும் மின்பட்டை, கம்பளி, உடற்பயிற்சி எதுவும் இந்த நேரத்தில் வேண்டாம். சூடு ஏறினால் உறிஞ்சுதலும் ஏறும்.

7. காத்திருப்பு

எம்லா வகைக்கு ஒரு மணி நேரம் வேண்டும். 60 நிமிடத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம் மரக்கும், 120 நிமிடத்தில் 5 மி.மீ. வரை. சில இடங்களில் முடி வேர் 3 மி.மீ.க்கும் கீழே இருக்கும். வலி பாதியாகக் குறைந்தாலும் முழுதாகப் போகாததற்குக் காரணம் அதுதான். அதற்காக மூன்று நான்கு மணி நேரம் ஊறவைக்காதீர்கள். தடவிய நேரத்தை டிரெஸ்ஸிங் மேலேயே பேனாவால் எழுதிவிடுவது என் வழக்கம். முடிந்தால் கிளினிக்குக்கு முன்கூட்டியே போய் அங்கேயே தடவிக்கொள்ளுங்கள். வீட்டில் தடவுவதானால் துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

வாயைச் சுற்றி மதமதப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தலைசுற்றல், பார்வை மங்கல், தசைத் துடிப்பு, உதடு நீலம் பூப்பது. இதில் எது வந்தாலும் உடனே துடைத்துக் கழுவிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். (என் நாக்கு மரத்தது நக்கியதால். நக்காமலே மரத்தால் அது வேறு.)

8. துடைப்பு, பிறகு லேசர்

உலர்ந்த பஞ்சுத் துணியால் முதலில் வழித்தெடுத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிசுக்கு மிஞ்சினால் லேசர் முனை தோலில் சரியாகப் படியாது, குளிரூட்டலும் சரியாக இறங்காது. துடைத்ததும் தோல் வெளுத்துத் தெரிந்தால் பதற வேண்டாம். ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், போகப்போகச் சிவக்கும்.

லேசர் செய்பவரிடம் என்ன கிரீம், எத்தனை மணிக்கு என்று கட்டாயம் சொல்லுங்கள். தோலிலும் மெலனின் உண்டு என்பதால், மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் லேசரின் வகையையும் ஆற்றலையும் பார்த்துத்தான் வைப்பார்கள். இந்த நிறங்களுக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் கருவி பாதுகாப்பானது. அளவு கூடித் தோல் சுட்டால், அதை முதலில் சொல்வது வலிதான். அந்த வாயை நாம் கிரீம் போட்டுப் பொத்தியிருக்கிறோம். அதனால்தான் முதல் படியில் சொன்ன சோதனையைக் கிரீம் தடவாத தோலில் செய்யச் சொன்னேன். மரத்த இடத்திலும் "சுடுகிறது, நிற்கவில்லை" என்று தோன்றினால் பல்லைக் கடிக்காமல் கையைத் தூக்குங்கள்.

முடிந்த பிறகும் ஓரிரண்டு மணி நேரம் மதமதப்பு இருக்கும். அதுவரை அங்கே சொறியவோ, வெந்நீர் ஊற்றவோ, பனிக்கட்டியை நேராக வைக்கவோ வேண்டாம். சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மிச்சமுள்ள டியூபும் கழற்றிய டிரெஸ்ஸிங்கும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் கைபேசியில் ஒரு வரி குறித்துவைப்பேன். என் குறிப்பு இப்படிப் போகிறது: "அக்குள், பக்கத்துக்கு அரை டியூப், 60 நிமிடம், வலி 10க்கு 4." அடுத்தது: "அக்குள், அதே அளவு, வலி 3. மேல் உதடு, கிரீம் இல்லை, பனிக்கட்டி மட்டும், வலி 5, இரண்டே நிமிடம்." நான்காவது தடவைக்கு எதிரே: "டியூப் எடுத்துப் போனேன். பிரிக்கவில்லை."