28 அங்குலமா, 32 அங்குலமா? 12 போர் வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளே எனப்படும் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 போர் துப்பாக்கி பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அங்குலக் குழல் வாங்கலாம்?" என்பதுதான். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டதைப் பார்த்து ஆர்வம் வந்தவர்களும் அவர்களில் உண்டு. கேள்வியில் தவறில்லை. ஆனால் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். நீளமான குழல் தூரம் போகும், குட்டைக் குழல் வேகமாகத் திரும்பும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆகவே இங்கே வேட்டை பற்றி வருவதெல்லாம் அது சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு.

நீளமானால் தூரம் போகும் என்று நம்புவது

கரிமருந்துக் காலத்தில் இது சரி. அந்த மருந்து மெதுவாக எரியும். எரிந்து முடிக்கக் குழல் நீளம் வேண்டும். இன்றைய புகையில்லா மருந்து சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கூடும் ஒவ்வோர் அங்குலமும் தருவது விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம். 28-க்கும் 32-க்கும் இடையே 8 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 400 மீட்டரில் கிளம்பும் தோட்டாவுக்கு அது 2 சதவீதம். 35 மீட்டரில் குறுக்கே பறக்கும் கிளேவுக்கு இரண்டரை மீட்டர் முன்னால் சுட வேண்டியிருந்தால், இந்த 2 சதவீதத்தால் வரும் வித்தியாசம் 5 சென்டிமீட்டருக்குள். ஈயக் குண்டுகள் அந்தத் தூரத்தில் முக்கால் மீட்டர் வட்டமாக விரிந்திருக்கும். 5 சென்டிமீட்டர் அதில் காணாமல் போகிறது.

குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் போகும் என்பதைத் தீர்மானிப்பது சோக், அதாவது குழல் வாயருகே உள்ள குறுக்கம். 18.5 மி.மீ. துளை, வாயருகே கால் மி.மீ. குறுகினால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர், அரை மி.மீ. குறுகினால் மாடிஃபைட், 0.9 முதல் 1 மி.மீ. வரை குறுகினால் ஃபுல். தூரத்தில் கிளே உடையவில்லை என்றால் சோக்கை மாற்றிப் பாருங்கள். அது சில ஆயிரம் ரூபாயில் முடியும்.

குட்டையானால் வேகம் என்று நம்புவது

லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சில் 1920-களில் 25 அங்குலக் குழலைப் பிரபலப்படுத்தினார். புதருக்குள்ளிருந்து சடாரென எழும் பறவைக்கு அது நல்ல கருவி. சீராக, நீண்ட நேரம் குழலை நகர்த்த வேண்டிய குறுக்குக் கிளேவுக்கு அதே குணம்தான் எதிரி: வேகமாகக் கிளம்புவது வேகமாக நின்றும் விடும்.

பின்னால் தப்புகிறது என்பதற்காக நீளமான குழல் வாங்குவது

இந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது.

நடப்பது இப்படி. ஒருவர் 28 அங்குல மேல்-கீழ் இரட்டைக்குழலோடு நாலாவது ஸ்டேஷனில், அதாவது சுடும் இடத்தில், நிற்கிறார். வலப்பக்கம் பாயும் கிளேவுக்குப் பின்னால் குண்டுகள் போய், அது தொடர்ந்து தப்புகிறது. பின்னால் நிற்கும் சீனியர் ஒருவர், "எல்லாம் பின்னாடி போகுது தம்பி. குழல் சின்னது, ஸ்விங் நிக்குது. 32 எடு" என்கிறார். தம்பியும் எடுக்கிறார். முதல் ரவுண்டில் புதுத் துப்பாக்கியின் உற்சாகத்தில் நாலு கிளே கூடுதலாக உடைகிறது. மூன்றாவது ரவுண்டில் இடது கை கனக்கிறது, கிளேவுக்கு முன்னால் குழல் போவதில்லை. மறுபடி பின்னால் தப்புகிறது. இப்போது பழைய துப்பாக்கியும் கையில் இல்லை.

பணம் மட்டுமா போகிறது? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விளையாட்டு வீரருக்கான விலக்கு கிடைக்கும் நிலையை எட்டாத தொடக்கக்காரர், அந்த இரண்டில் ஓர் இடத்தைப் பொருந்தாத குழலுக்குக் கொடுத்துவிடுகிறார். விற்று மாற்றவும் உரிமப் பதிவு, காத்திருப்பு என்று மாதங்கள் ஓடும்.

பின்னால் தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. விசையை அழுத்தும் கணத்தில் குழலை நிறுத்துவது. உடைகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்குவது. கிளேவை விட்டுவிட்டுக் குழல் நுனியிலுள்ள பீடு எனும் குறிமணியைப் பார்ப்பது. வலக்கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருப்பது. இவற்றில் ஒன்றைக்கூட நான்கு அங்குல எஃகு சரிசெய்யாது.

கண்ணை முதலில் சோதியுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துக் கம்பத்தை விரலால் சுட்டுங்கள். இடது கண்ணை மூடும்போது விரல் கம்பத்தை விட்டு நகர்ந்தால் இடது கண்தான் வழிநடத்துகிறது. சுடும் கண்ணாடியின் இடப்பக்க வில்லையில், கண்ணுக்கும் பீடுக்கும் நேராக வரும் இடத்தில், சிறிய டேப் துண்டை ஒட்டிச் சுட்டுப் பாருங்கள்.

அடுத்து ஸ்டாக், அதாவது தோளில் பதியும் பின்கட்டை. 15 மீட்டரில் பெரிய தாளைக் கட்டி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஃபுல் சோக் போட்டு, புள்ளியை மட்டும் பார்த்து, தோளில் ஏற்றியதும் சுடுங்கள். நிதானித்துக் குறி பார்த்தால் சோதனை பாழ். ஐந்து தோட்டாவுக்குப் பிறகு கிழிசலின் மையம் எங்கே என்று அளக்கவும். இந்தத் தூரத்தில் 2.5 செ.மீ. விலகலுக்கு ஸ்டாக்கில் ஏறத்தாழ 1.6 மி.மீ. மாற்றம் வேண்டும். மையம் 5 செ.மீ. இடப்புறம் விழுந்தால், ஸ்டாக் கன்னத்தின் பக்கத்திலிருந்து 3 மி.மீ. அளவு விலக வேண்டும். கீழே விழுந்தால் கன்னம் படியும் மேடு உயர வேண்டும். டிராப்பில் கிளே மேலேறிக்கொண்டே போவதால் மையம் புள்ளிக்குச் சற்று மேலே இருப்பது நல்லது. ஒலிம்பிக் அளவில் சுடுகிறவர்கள் ஸ்டாக்கைத் தங்கள் கன்னத்துக்கும் தோளுக்கும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொடக்கக்காரர் அதை விட்டுவிட்டுக் குழல் அங்குலத்தை மட்டும் காப்பியடிக்கிறார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நீளக் குழல் வேண்டும் என்று தோன்றினால், இரவல் துப்பாக்கியில் காலிச் சேம்பரோடு (தோட்டா இருக்கும் அறை), பாதுகாப்பான திசையில், 25 முறை தோளில் ஏற்றி இறக்குங்கள். ஒரு ரவுண்டுக்கு அவ்வளவு கிளேதான். கடைசி ஐந்து முறையில் குழல் வாய் தாழ்ந்து போய் நின்றால் அது உங்களுக்குக் கனம். இரட்டைக்குழலில் கூடும் ஒவ்வோர் இரண்டு அங்குலமும் ஏறக்குறைய 70 கிராம். கேட்க அற்பம், ஆனால் அது ஏறுவது நுனியில். தொரட்டிக் கம்பில் அரிவாள் கட்டிய மாதிரி, கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். நிறுத்தக் கஷ்டம் என்பதால்தான் டிராப்காரர்களுக்கு நீளக் குழல் பிடிக்கிறது. கிளப்பக் கஷ்டம் என்பதைச் சமாளிக்கும் தோள் அவர்களுக்கு இருக்கிறது.

நுனி கனத்தால் ஸ்டாக்குக்குள் ஈயம் போட்டுச் சமன் செய்வார்கள் சிலர். சமநிலைப் புள்ளி, துப்பாக்கி மடங்கித் திறக்கும் கீல் ஊசிக்குத் திரும்பிவிடும். துப்பாக்கி இன்னும் மந்தமாகும், ஏனென்றால் இப்போது இரண்டு முனையிலும் எடை. விரல்மேல் வைத்துச் சமநிலை பார்ப்பது மட்டும் போதாது என்பது இதனால்தான்.

ஆட்டத்தைப் பார்க்காமல் அங்குலம் தேர்வது

ஒலிம்பிக் டிராப்பில் கிளே 76 மீட்டர் தொலைவு போகும் விசையில், உங்களை விட்டு விலகி ஓடுகிறது. துப்பாக்கி முன்பே தோளில் இருக்கும். இதற்கு 30 அங்குலம், வாட்டசாட்டமானவருக்கு 32. ஸ்கீட் என்ற மற்றொரு கிளே ஆட்டத்தில் கிளே தெரியும்வரை ஸ்டாக் இடுப்பருகே இருக்க வேண்டும். எட்டாவது ஸ்டேஷனில் அது ஏறத்தாழ தலைக்கு மேலேயே வந்துவிடும். அங்கே 28 அல்லது 30. இரண்டும் சுட ஆசைப்பட்டு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 30.

வேட்டையில், அடர்ந்த புதரில் நடந்து தேடும் பறவைக்கு 26. நீர்ப்பறவைக்கு 28 அல்லது 30. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு நாடு முழுக்கத் தடை. எஃகுக் குண்டு போடும்போது சோக்கை ஒரு படி தளர்த்துங்கள். மெல்லிய சுவருள்ள பழைய ஆங்கிலேயக் குழல்களில் அதைப் போடவே வேண்டாம்.

செமி-ஆட்டோவின் 28-ஐ இரட்டைக்குழலின் 28-ஆக எண்ணுவது

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோவின் உடல் ஏறத்தாழ 10 செ.மீ. நீளம் கூடுதல். மொத்த நீளத்தில் அதன் 28, இரட்டைக்குழலின் 32-க்குப் பக்கத்தில் வரும்.

குழலை அறுப்பது

கூடவே கூடாது. நிலையான சோக் உள்ள குழலில் அது இருப்பது கடைசிச் சில அங்குலங்களில். அறுத்தால் அதுவும் போய்விடும். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதை 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தடுக்கிறது.

விற்பவர் சொல்லும் அளவை நம்புவது

நீங்களே அளந்து வாங்குங்கள். திறந்து இரண்டு சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, மூடி, வாய் வழியாக மரக்குச்சியை உள்ளே முட்டும்வரை விட்டு அடையாளம் வையுங்கள். அடையாளத்திலிருந்து உள்முனை வரை உள்ளதே குழல் நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சோக் டியூபைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.