பாபநாசம் அருவிக்குச் செல்வோர் கவனத்துக்கு

பயணச்சீட்டை இணையத்தில் எடுப்பவர்கள் முதலில் ஊரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் உண்டு. அந்தப் பெயரில் ரயில் நிலையம் இருப்பது அங்கேதான். அருவியுள்ள பாபநாசம் திருநெல்வேலி மாவட்டத்தில், பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது. திருநெல்வேலி–செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, உள்ளூர் மக்கள் வி.கே.புரம் என்று சொல்லும் விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லலாம்.

வி.கே.புரத்தை ஜன்னல் வழியே மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். மின்சாரம் இப்பகுதியை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, 1880களில், ஹார்வி சகோதரர்கள் இங்கே ஒரு நூற்பாலையை நிறுவினார்கள். மலையிலிருந்து விழும் நீரின் விசையே அதன் இயந்திரங்களைச் சுழற்றியது. நெல்லைச் சீமையின் கரிசல் காடுகளில் விளைந்த பருத்தியும், ஆண்டின் பெரும்பகுதி வற்றாத ஆறும் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால், நிலக்கரியை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டிய தேவையில்லாத இந்த மலையடிவாரம் அவர்களுக்கு ஏற்றதாயிற்று. ஆலையை ஒட்டியே ஊரும் வளர்ந்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், அதே ஆற்று நீர் மின்சாரமாகவும் மாறியது. ஆலை வளாகத்துக்குள் முன் அனுமதியின்றிச் செல்ல இயலாது; வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குளிப்பதற்குரிய அகஸ்தியர் அருவி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வரும். இது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதியாதலால் பிளாஸ்டிக் பைகள், மது, சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைக் கொண்டுவராதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். விடுமுறையை அக்காலத்தில் அமைத்துக்கொண்டவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குவது நல்லது. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் செல்வதால், அருவிக்காக மட்டும் வருவோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம். குரங்குகள் பையைப் பறிக்கும். கடவுச்சீட்டை விடுதியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, அதன் நகலை மட்டும் எடுத்து வாருங்கள்.

திரும்பும் வழியில் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இறங்குவோர், உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். பாவம் போகிறதோ இல்லையோ, துணி ஆற்றைவிட்டுப் போவதில்லை.