காதைக் குடையாதீர்கள், கழுத்தில் நெட்டி எடுக்காதீர்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டில் குனிந்தபடியே மைக்ரோஸ்கோப் பார்க்கும் நம் பெண்களுக்குக் கழுத்துப் பிடிப்பு புதிதில்லை. கூடவே காதும் அரிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் எல்லா அரிப்புக்கும் இல்லை. அதைப் பிரித்துப் பார்க்காமல் கைவைத்தியத்தில் இறங்குவதுதான் முதல் தவறு.

அரிக்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தோடு போடும் இடம், மடலின் கீழ்ப்பாதி, தாடை முனை, காதின் பின்பக்கம் என்றால் கழுத்தைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் அந்தத் தோலின் உணர்ச்சி நரம்புகள் கழுத்தின் 2, 3-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பி, தலையைத் திருப்பினால் பக்கவாட்டில் புடைத்துத் தெரியுமே, அந்தத் தசையின் பின் விளிம்பு வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. வழியில் எங்கே உறுத்தினாலும் மூளைக்கு அது காதில் நடப்பதாகவே படும். தோலில் தடிப்பே இல்லை, எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வருகிறது, கழுத்தைத் திருப்பினால் கூடிக் குறைகிறது என்றால் சந்தேகம் வலுக்கும். இந்த வகை அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை பெரும்பாலும் கேட்காது, அதையே மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

துவாரத்துக்குள் அரித்தால் கதை வேறு. பெரும்பாலும் அது எக்சிமா என்ற தோல் அழற்சி, பூஞ்சை, அல்லது அளவுக்கு மீறிச் சுத்தம் செய்ததால் வந்த வறட்சி. பினாங்கின் புழுக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, இறங்கியதும் இயர்போனைச் செருகினால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்! பஞ்சுக்குச்சி, கோழி இறகு, சாவி எதுவும் வேண்டாம். குறும்பி ஒரு பாதுகாப்புப் பூச்சு, அதைச் சுரண்டினால் தோல் கீறி அரிப்பு இன்னும் கூடும். (குடையும்போது சிலருக்கு இருமல் வரும், தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அங்கே இருப்பதால்.) காய்ச்சிய எண்ணெயும் விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக நடுக்காதுக்குள் போய்விடும்.

முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்கள் பாருங்கள், அதை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் போகின்றன, திடீர் முறுக்கில் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனாலும் சொடக்குச் சத்தம் தரும் சுகத்துக்கு அந்த ஆபத்து எதற்கு? வேலைக்கு நடுவே அடிக்கடி நிமிர்ந்து உட்காருங்கள், கழுத்தை மெதுவாகத் திருப்புங்கள், குறையவில்லை என்றால் பிசியோவிடம் போங்கள்.

காதில் வலியோடு கொப்புளம் கிளம்பினால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். அது அக்கியாக இருக்கலாம், அதே பக்கம் வாயும் கோணினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருந்தை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கை மரத்துப் பலம் குறைந்தாலும், நடை தள்ளாடினாலும் உடனே காட்டுங்கள்.