சந்தா கட்டிய செயலியில் புதிய பாடல்களைக் கண்டறிய ஒரு வழி

இசைச் செயலிக்கு மாதந்தோறும் சந்தா கட்டிவிட்டு, மனப்பாடமாகிவிட்ட பாடல்களையே காட்பாடியிலிருந்து சென்னை வரை ரயிலில் கேட்டுச் செல்பவர்கள் வேலூரில் பலர் இருக்கிறார்கள். ஒரு பாடல் பிடித்துவிட்டால், அதனருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'கிரெடிட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருடன், சில பாடல்களுக்குப் புல்லாங்குழலோ வயலினோ வாசித்தவரின் பெயரும் அங்கே இருக்கும். அந்தக் கலைஞரின் பெயரைத் தேடினால், அவர் தனியாக வெளியிட்ட இசையும் வேறு மொழிகளில் வாசித்தவையும் கிடைக்கக்கூடும். செயலியின் பரிந்துரைகள் நாம் ஏற்கெனவே கேட்டவற்றை ஒட்டியே அமைவதால், புதியதை நாடுவோருக்கு இவ்வழியே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும் பரிந்துரைகளை ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையின் 'டிஸ்கவர் வீக்லி' பட்டியல் திங்கள்கிழமைதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது 'பிரைவேட் செஷன்' வசதியை இயக்கிவிட்டால், அவர்களுடைய விருப்பம் உங்கள் பரிந்துரைகளில் கலப்பது குறையும்.

நம் பழைய வட ஆர்க்காட்டிலும் வழங்கிவரும் தெருக்கூத்துப் பாட்டைக் கேட்க விரும்புவோர், கலையின் பெயரோடு அதற்குப் பெயர்பெற்ற புரிசை என்னும் ஊரின் பெயரையும் சேர்த்து யூடியூபில் தேடலாம். இது அவசியம் கேட்க வேண்டிய இசை.

பயணத்துக்கு முந்தைய இரவே வீட்டு வைஃபையில் பாடல்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் அவை நீங்காமல் இருக்க, 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் செயலியை இணையத்துடன் இணைக்க வேண்டும்.